ஆயிரமாவது நாளின் கேடயம்

கதவு படபடவென்று தட்டப்பட்டது. தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போய்த் திறந்தாள் மனைவி. தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி நின்றிருந்தார். ஒரு கையில் ஆப்பிள் நிறைந்த பை, மறு கையில் ஃபைல்.

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்மா."

உள்ளே அவள் புருஷன் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வலது கையின் இரண்டு விரல்களைத் தொழிற்சாலையின் பிரஸ் மெஷின் தின்றுவிட்டிருந்தது. நஷ்டஈடு கேட்டு மனுப் போடச் சட்டம் தந்த கெடு இரண்டு வருடம். "கேஸ் கீஸுன்னு அலையாதே, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே அதிகாரி அதை ஓட்டியிருந்தார்.

"கெடு திங்கக்கிழமையோட முடிஞ்சுபோச்சு தம்பி. இன்னிக்கு வெள்ளி" என்றார் சோபாவில் உட்கார்ந்தபடி, துக்கம் விசாரிக்கும் குரலில். "ஆனா கம்பெனிக்கு மனசாட்சி இருக்கே. ரெண்டு மாசச் சம்பளம். ஒரே ஒரு கையெழுத்து."

"விரலுக்கு ஒரு மாசம். கட்டைவிரல்னா போனஸ் உண்டா சார்?" என்றான் புருஷன்.

அதிகாரி பேனாவைத் திறந்து நீட்டினார். அவன் வாங்கப் போனான். மனைவி தடுத்தாள். தையல் மெஷின் டிராயரிலிருந்து விபத்து அறிக்கையின் நகலை எடுத்தாள்.

"சார், இதுல தேதி பதிமூணு நாள் தள்ளி இருக்கே? அப்போ கெடு முடிய…" புருஷனின் கையைப் பிடித்து எண்ண ஆரம்பித்தாள்.

"என் கையில எண்ணாதேடி, ரெண்டு குறையும்."

"ஒன்பது நாள் இருக்கு சார்."

அதிகாரி சோபாவின் நுனிக்கு வந்தார். விரல் போன அன்று தொழிற்சாலை வாசல் பலகையில், 'விபத்தில்லாத நாட்கள்: 988' என்றிருந்தது. ஆயிரத்தைத் தொட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து கேடயம். அதனால் விபத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கேடயம் வாங்கி, கேக் வெட்டி, குரூப் ஃபோட்டோ எடுத்த மறுநாள்தான் அறிக்கையே எழுதினார்கள். அன்றுதான் விரல் போனதாக.

"அந்தத் தேதியை வெச்சு மனு கினு போட்டுடாதேம்மா."

"உங்க கம்பெனி சீல் இருக்கே சார். இதை நம்பாம வேற எதை நம்புறது?"

"இந்தப் பேப்பர்படி விரல் போயும் பதிமூணு நாள் பிரஸ் ஓட்டியிருக்கேன் பாருங்க" என்றான் புருஷன். "எனக்கும் ஒரு கேடயம் குடுத்திருக்கலாம்."

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அது பொய்த் தேதிம்மா, சத்தியமா சொல்றேன். என் கையாலயே எழுதினேன்."