இரண்டு கோட்டுப் பொத்தான்கள்

1

பார்க்கிங் கூப்பன் புத்தகத்தை மேசைமேல் மறந்துவிட்டுக் கீழே போய்விட்டார் லாசரஸ். அது இல்லாமல் காரை எங்கும் நிறுத்த முடியாது. கார் நிறுத்துமிடத்தில் நின்று அவர் கைதட்டிக் கூப்பிட, அல்போன்சம்மாள் புத்தகத்தைக் கைக்குட்டையில் முடிந்து ஆறாம் மாடியிலிருந்து போட்டாள். அது செம்பருத்திச் செடிக்குள் விழுந்தது.

"துணியை மட்டும் நூல் பிடிச்ச மாதிரி வெட்டுற! இதைப் போடத் தெரியலியா?"

"மறந்துட்டுப் போறவங்களுக்கு வாய் வேற!"

அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு இதுதான். அன்று பகல் பதினொரு மணிக்கு, சிங்கப்பூர் புக்கிட் தீமா சாலையில் நல்ல மழை. முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. லாசரஸின் கார் நிற்கவில்லை.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அல்போன்சம்மாள் நான்தான். 'நான்' என்று எழுதினால் இரண்டாவது வரியில் கை நின்றுவிடுகிறது. 'அவள்' என்று எழுதினால் ஓடுகிறது. அதனால் கதை நெடுக அவள் என்றே வரும்.

எழுதவைத்தவர் என் கொழுந்தன் அலெக்சாண்டர். அண்ணன் இறந்தபின் இந்த ஒன்றரை வருடமாக ஞாயிறுதோறும் எங்களைப் பூசைக்கு அழைத்துப் போகிறவர் அவர்தான். போன ஞாயிறு, முன் இருக்கையில் ஏறிய என் மகள் உர்சுலா சீட் பெல்ட்டை இழுத்தாள். அவர் தடுத்தார்.

"அதை விடும்மா. அதை நம்பித்தான் உங்கப்பா போனாரு."

உர்சுலா கையை எடுத்துவிட்டாள். பின் இருக்கையில் நான் இருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

2

தொடங்கிப் பார்த்தவை:

"முன் இருக்கையில் அமர்வோர் பெல்ட் அணிய வேண்டும் என்று சட்டம் வந்த ஆண்டின் கடைசியில், சிராங்கூன் சாலைத் தையல் கடைகளுக்கு இயந்திரப் பாகங்கள் விற்றுவந்த லாசரஸ்..." (செய்தித்தாள் வாடை அடிக்கிறது. அடித்துவிட்டேன்.)

"லாசரஸ் ஒரு நல்ல மனிதர்." (மரண அறிவித்தலில் எல்லாரும் நல்ல மனிதர்கள்தான்.)

"பெல்ட்டில் தப்பு இல்லை. தப்பு..." (இது சரியான தொடக்கம். ஆனால் முடிக்க வரவில்லை. முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிட்டு இங்கே திரும்பி வருகிறேன்.)

3

பதினாறு வருடம் வேன் ஓட்டியவர் லாசரஸ். அந்த வேனில் பெல்ட் என்ற ஒன்றே கிடையாது. 1981 டிசம்பரில் புதிய ஜப்பான் கார் வந்தது. வெண்ணெய் நிறம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே அவருக்கு மனம் வரவில்லை. உர்சுலா ஒருநாள் பிய்த்துப் போட்டாள்.

காரில் குறை ஒன்றுதான், ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட். தொட்டாற்சிணுங்கி தோற்றுப்போகும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் பாதிவரை வந்து பூட்டிக்கொள்ளும். சந்தியில் வலப்பக்கம் வண்டி வருகிறதா என்று கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் போதும், கழுத்தோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். தும்மினால்கூடப் பிடிக்கும். ஒருமுறை கேலாங்கில், கூப்பனைக் கிழித்துக் கண்ணாடிக்குக் கீழே வைக்கக் கை நீட்டியவரை அது அப்படியே பிடித்துக்கொண்டது. விடுவித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் மனிதருக்கு வேர்த்துவிட்டது.

(நான் எழுதுவதும் இந்தப் பெல்ட்டைப் போலத்தான் என்று ஓர் உவமை வந்து நின்றது. வேண்டாம். பெல்ட் பெல்ட்டாகவே இருக்கட்டும்.)

"என்னைப் பாத்தா இதுக்குக் கைதி மாதிரி தெரியுது போல," என்பார். கார் விற்ற கடையில் கேட்டதற்கு, "புது கார் அப்பிடித்தான் லா, போகப் போகச் சரியாயிடும்" என்றார்களாம். சரியாகவில்லை. கழுத்தின் வலப்பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அல்போன்சம்மாள் இரவில் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

4

இனி பொத்தான்கள்.

முதல் பிரதியில் இந்த இடத்தை இப்படி எழுதியிருந்தேன்:

*லாசரஸ் நச்சரித்தார். "நீ தையல்காரி தானே, இதுக்கு ஒரு வழி பண்ணேன்" என்றார். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்ட அல்போன்சம்மாள், கடைசியில் வேறு வழியில்லாமல் கீழே இறங்கிப் போனாள். நான்கு அங்குலம் லூஸ் விட்டு...*

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. லாசரஸ் பிடிவாதக்காரர், மனைவி பாவம். ஆனால் இந்த லாசரஸை எனக்குத் தெரியாது. இப்படி நச்சரிக்கிற மனிதரோடு நான் வாழவில்லை. அவர் சொன்னது வேறு.

"கபீர்கிட்ட ஒரு நாள் விட்டுப் பாக்கணும்."

அஹமது கபீர் கேலாங்கில் கார் பட்டறை வைத்திருப்பவர். வேன் காலத்திலிருந்து பழக்கம். அவரிடம் போகலாம் என்றுதான் லாசரஸ் சொன்னார். அல்போன்சம்மாள்தான் குறுக்கே விழுந்தாள்.

"இதுக்குப் போயி ஒரு நாளைக் கெடுக்கணுமா? துணி தானே. நான் தைச்சுத் தரேன்."

"இது ரவிக்கை இல்ல அல்போன்சு."

"அளவு அளவுதான். உக்காருங்க."

சிராங்கூன் சாலையில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தவள் அவள். உடம்பைப் பிடிக்கிற எதைக் கண்டாலும் அவளுக்கு ஒரே மருந்துதான்: லூஸ் விடு. காரில் அவரை உட்காரவைத்துத் தோளிலிருந்து இடுப்புவரை நாடாவால் அளந்தாள். மூச்சை இழுக்கச் சொன்னாள். முன்னால் சாயச் சொன்னாள். எதிர்ப்பட்ட சீனப் பாட்டி ஒருத்தி நின்று வேடிக்கை பார்த்தாள். பெல்ட் கதவோரத் தூணிலிருந்து இறங்குகிற வளையத்துக்குக் கீழே சாக்குக்கட்டியால் குறி போட்டாள். அந்த இடத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றாகப் பெரிய கோட்டுப் பொத்தான்கள் இரண்டை எதிரெதிரே வைத்துத் தடித்த நூலால் தைத்தாள். ஊசி இறங்க மறுத்தது. விரலுறையோடு அழுத்தினாள்.

பொத்தானைத் தாண்டிப் பெல்ட் மேலே ஏற முடியாது. அதனால் அது மார்பை ஒட்டாமல் மாலை மாதிரி தொங்கியது. சாய்ந்தாலும் தும்மினாலும் பிடிக்கவில்லை.

"அடடா," என்றார் லாசரஸ். "இப்பத்தான் மனுசன் உக்கார்ற கார் இது."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான்கு அங்குலம் இல்லை. எட்டு.

முதலில் நான்குதான் வைத்தாள். இரண்டு நாள் கழித்துக் கழுத்துக் கோடு இன்னும் மறையவில்லை என்று பார்த்து, தானாகவே போய்ப் பிரித்து எட்டாக்கினாள். அவர் "போதும்மா" என்றார். "சும்மா இருங்க" என்றாள்.

5

விபத்துக்குப் பிறகு எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. போலீஸ்காரர் கேட்டார், மருத்துவர் கேட்டார், அலெக்சாண்டர் கேட்டார்: "பெல்ட் போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தார்."

பொய் இல்லை. காரிலிருந்து அவரை எடுத்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஸ்டியரிங் நெஞ்சில் இடித்திருந்தது. பெல்ட் போட்டிருந்தும் எப்படி இடித்தது என்று யாருக்கும் புரியவில்லை. புரியாததை விதி என்று சொல்லி மூடினார்கள்.

அலெக்சாண்டர் மூடவில்லை. அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவர். எட்டாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொன்னார்: "சட்டம் போட்டாங்க. எங்கண்ணன் ஒழுங்கா அதை மாட்டினாரு. மாட்டாத லாரிக்காரன் இறங்கி நடந்து போறான்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இன்று எங்கள் கோயில் பங்கில் கார் வைத்திருப்பவர்கள் பலர் பெல்ட்டைத் தோள்மேல் சும்மா போட்டுக்கொண்டு, போலீஸ் வண்டி தெரிந்தால் மட்டும் கையால் பிடித்துக்கொள்கிறார்கள். உர்சுலாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரும் அலெக்சாண்டர்தான்.

(ஒரு குறிப்பு: நான் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். விபத்து நடந்த மாதமே பாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான், அங்குலம், பெருமை, எல்லாம். அவர் மன்னிப்புக் கொடுத்தார், ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். மனசு இறங்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கூண்டுக்குள் சொன்னது அலெக்சாண்டர் காதில் விழாது என்பதை யோசிக்கவே இல்லை. கடவுளிடம் சொல்லிவிட்டால் மனிதர்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்று என்னைப்போல் எத்தனை பேர் இருக்கிறார்களோ.)

6

கபீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன். இங்கேயே வரட்டும்.

நசுங்கிய காரை அவர் பட்டறைக்குத்தான் இழுத்துப் போனார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். உர்சுலா அறைக்குள் போனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அல்போன்சம்மாள் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தொட்டதுமே தெரிந்தது.

"அக்கா, அந்தப் பெல்ட்டு ஏன் அப்பிடிப் பிடிச்சிச்சு தெரியுமா? உள்ள பெல்ட்டச் சுத்துற பெட்டிய லேசா சாச்சு மாட்டியிருந்தாங்க. சாஞ்சிருந்தா கார் கவுழுதுன்னு அது நினைச்சுக்கும்."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

கபீர் கோப்பையைப் பார்த்தார்.

"சொல்லுங்க தம்பி."

"அரை மணி நேரம்."

அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

"இது இல்லாட்டி இருந்திருப்பாரா?"

"அடி பலமான அடி, அக்கா. இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அல்லாதான் அறிவான்." வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "நான் யாருகிட்டயும் வாய் திறக்கல. திறக்கவும் மாட்டேன். அது உங்க பேச்சு."

இந்த 'இல்லாமலும் போயிருக்கலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடத்தை ஓட்டிவிட்டேன். இப்போது அதைக் கீழே வைக்கிறேன். என் கணவர் பிழைத்திருப்பாரா என்பதற்கு விடை கிடையாது. என் மகள் பெல்ட்டை மாட்ட வேண்டுமா என்பதற்கு உண்டு.

7

இரண்டாம் பிரிவில் பாதியில் விட்டதை இப்போது முடிக்கிறேன்.

பெல்ட்டில் தப்பு இல்லை. இருந்த சின்னக் கோளாறு அரை மணி நேர வேலை. தப்பு என்னுடையது. எட்டு அங்குலம். நானேதான் தைத்தேன்.

பார்த்தீர்களா, 'நான்' வந்துவிட்டது. கை நிற்கவில்லை.

முடிவுக்கு மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. அலெக்சாண்டர் படித்துவிட்டு அழுகிறார். "அண்ணி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்கிறார். பெல்ட்டை இழுத்து மாட்டுகிறார். கோயில் வாசலில் எல்லாரிடமும் சொல்கிறார். (எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே நம்பிக்கை இல்லை.)

இரண்டு. படித்துவிட்டுக் காகிதத்தை என் முகத்தில் எறிகிறார். "கொன்னுட்டு ஒண்ணரை வருசம் எங்கூடவே பூசைக்கு வந்தீங்களா?" அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. உர்சுலாவும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் இருவரும் பெல்ட் மாட்டுகிறார்கள். (இதற்கு நான் சம்மதம்.)

மூன்று. படிக்கிறார், நம்ப மறுக்கிறார். "துக்கத்துல ஏதேதோ எழுதியிருக்கீங்க அண்ணி" என்று மடித்துக் கையில் கொடுத்துவிட்டுக் காரைக் கிளப்புகிறார். (இப்படி நடந்தால் பொத்தான்களை அவர் கையில் கொட்டுவேன். பொட்டலம் பைக்குள் இருக்கிறது. நூல் இன்னும் அவற்றோடு இருக்கிறது. என் தையல் அவருக்குத் தெரியும், அவர் கல்யாணக் கோட்டைத் தைத்தவளே நான்தான்.)

இதில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். முடிவை எழுதுவது என் வேலையாகத் தோன்றவில்லை. காகிதத்தைக் கையில் கொடுப்பது என் வேலை.

இன்று ஞாயிறு. கீழே அலெக்சாண்டர் ஹாரன் அடிக்கிறார். உர்சுலா தலை சீவிக்கொண்டே, "அம்மா, சித்தப்பா வந்துட்டாரு, இன்னும் என்னம்மா எழுதுறீங்க, லேட்டாவுது லா" என்கிறாள்.

"முடிஞ்சிருச்சு. இன்னிக்கு நான் முன்னால உக்கார்றேன்."

"ஏன்?"

"வா, கார்ல சொல்றேன். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

எங்கள் பிளாக்கில் லிப்ட் ஐந்தாம் மாடியில்தான் நிற்கும். ஆறாம் மாடியில் இருப்பவர்கள் ஒரு மாடி நடந்துதான் இறங்க வேண்டும். காரில் ஏறியதும் முதலில் முன் இருக்கைப் பெல்ட்டை மாட்டுவேன், பிறகு காகிதத்தைக் கொடுப்பேன்.