இரண்டு தட்டும் ஒரு 'ம்'மும்

காகித இயந்திரம் ஆலைக்கு வந்த மூன்றாவது வாரம், அம்புரோஸ் டாப்செல்லின் கைகளிலிருந்த குலுக்கு அவரை விட்டு இறங்கி இயந்திரத்துக்குள் போய்விட்டது. அன்று வியாழக்கிழமை, தூறல் வேறு. தொட்டியில் வலை கட்டிய சட்டத்தை முக்கித் தூக்கி, முன்பின் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனக் குலுக்கிக் கந்தல்கூழைத் தாளாக்குவதில் கென்ட் வட்டாரத்தில் அவரை அடிக்க ஆளில்லை. குலுக்கி முடித்ததும் விளிம்பில் விரலால் இரண்டு தட்டு தட்டுவார். எதிரே நிற்கும் ஜெத்ரோ விக்கென்டன் "ம்" என்று சட்டத்தை வாங்கி ஈரத்தாளைக் கம்பளியில் கவிழ்ப்பார். பத்தொன்பது வருஷம் இருவருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். அம்புரோஸுக்குக் குடும்பம் கிடையாது. அந்த 'ம்'தான் அவருக்கு வீடு வாசல் எல்லாம்.

லண்டனிலிருந்து இயந்திரத்தோடு வந்த மெக்கானிக் கிம்பர், ஓயாமல் ஓடும் கம்பிவலையில் கூழை ஊற்றினான். தாள் முடிவில்லாமல் வந்தது. தொட்டால் நெடுக்கே கிழிந்தது. குலுக்கு இல்லாததால் கூழின் நாரெல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தது. "அந்தக் குலுக்கு எப்படின்னு சும்மா ஒருவாட்டி கைய வச்சுக் காட்டுங்க ஐயா" என்றான். கைத்தொழில்காரர் சங்கத்தில் இயந்திரத்தைத் தொடக்கூடாதென்று கட்டுப்பாடு. ஆனால் கர்வம் யாரை விட்டது? அம்புரோஸ் கையை வைத்தார். எடுத்தபோது வலை தானாகக் குலுங்கிக்கொண்டிருந்தது, அவர் கைகளுக்கோ குலுக்க வரவில்லை.

அதன்பின் அவர் கிண்ணத்தை ஏந்தி நடந்தாலும் கஞ்சி அலையடிப்பதில்லை. அதைப் பார்க்கக் கொஞ்சநாள் கூட்டம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அவரோடு யாரும் குடிக்கக் கூடாதென்று சங்கம் சொல்லிவிட்டதால் பியர்க்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். ஆலையில் எண்ணெய் போடும் வேலை கொடுத்தார்கள். ஜோடி உடைந்த தொட்டியை மூடியதில் ஜெத்ரோ கந்தல் மூட்டை சுமக்கப் போனார். தெருவில் அம்புரோஸைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்.

இயந்திரமோ குலுக்கோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தாள் நீளத்துக்கும் ஒருமுறை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒரு மூச்சு காத்திருந்தது. யாரும் வாங்காததால் அந்த இடத்தில் தாள் அறுந்தது. கிம்பர் மூன்று மாதம் திருகுகளைக் கழற்றி மாட்டி ஓய்ந்தான். முதலாளி உடைத்துப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார். உடைத்தால் தன் கையும் அதோடு போய்விடும் என்று அம்புரோஸுக்குத் தெரியும். வெட்கத்தை விட்டு ஜெத்ரோவின் வாசலில் போய் நின்றார்.

"உன் கையத்தான் தூக்கிக் குடுத்துட்டியே, இப்ப என் கையும் வேணுமாக்கும்?"

"ஒருவாட்டி வந்து கேளுய்யா. கூப்பிட்டுக்கிட்டே கெடக்கு."

"உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

"பாக்க வேணாம்."

ஜெத்ரோ வந்து, அம்புரோஸுக்கு முதுகைக் காட்டி, வலை முடியும் இடத்தில் நின்றார். இயந்திரம் இரண்டு தட்டு தட்டியது. பழகின கை தானாக நீண்டது. "ம்" என்றார். தாள் அறாமல் போனது.

அடுத்த பதினோரு வருஷம் தினமும் வந்து அங்கேயே நின்றார். இயந்திரத்தை அவர் தொடவில்லை, 'ம்' மட்டும்தான் சொன்னார் என்பதால் சங்கமும் குற்றம் காணவில்லை. ஒருநாள்கூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் 'ம்' சொன்னது இயந்திரத்துக்குத்தான் என்று ஆலையில் எல்லாருக்கும் தெரியும். அம்புரோஸுக்கும் தெரியும். எண்ணெய்க் குவளையோடு பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்து, ஒவ்வொரு 'ம்'முக்கும் தலையாட்டிக்கொண்டிருப்பார்.