சைலன்சரில் சுற்றிய டேப்

ஊரில் ஒழுகுகிற குழாயெல்லாம் பிளம்பரின் கைக்கு அடங்கிவிடும். சொந்த வண்டியின் குழாய்தான் அடங்கவில்லை. பழைய சைலன்சர் துருவேறி ஓட்டை விழுந்ததும், ஆசைப்பட்டு வெளிக்கடையில் பளபளவென்று ஒன்றை வாங்கித் தன் கையாலேயே மாட்டினார். அன்றைக்குப் பிடித்தது சனி. ஓட்டும்போது ஆக்சிலேட்டரை விட்டால் போதும், பின்னால் படாரென்று வெடிக்கும். தெருநாய்கள் மூலைக்கொன்றாய்த் தெறிக்கும்.

நாய் ஓடினால் ஓடட்டும். வீட்டில் மாமனார் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். திடீர் அதிர்ச்சி எதுவும் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தாய் தகப்பன் இல்லாமல், கையில் ஒரு ஸ்பேனரைத் தவிர வேறு சொத்தும் இல்லாமல் நின்ற பிளம்பரை நம்பிப் பெண்ணைக் கொடுத்த மனுஷர் அவர். தன் வண்டியால் அவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்பதுதான் பிளம்பரின் கவலை.

பழைய சைலன்சர் காயலான் கடைக்குப் போய்விட்டது. வண்டியில்லாமல் வேலைக்கும் போக முடியாது. இரண்டு தெரு தள்ளியே இறங்கி உருட்டிக்கொண்டு வந்து பார்த்தார். இறங்க வேகத்தைக் குறைக்க வேண்டுமே, அங்கே வெடித்தது வீடு வரைக்கும் கேட்டது.

"சத்தம் தொந்தரவா இருந்துச்சா மாமா?"

"எந்தச் சத்தம் மாப்பிள்ளை? நான் நல்லா தூங்கிட்டேன்."

தினமும் இதே பதில்தான். பிளம்பருக்கு மனசு ஆறவில்லை.

மனைவியின் தங்கை ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவளிடம் போனால் காலத்துக்கும் கிண்டல் செய்வாள் என்றுதான் ஒதுங்கியிருந்தார். மானமா மாமனாரா என்று யோசித்ததில் மாமனார் ஜெயித்தார்.

அவள் சைலன்சரைக் கழற்றினாள். இன்ஜினோடு சேருகிற வாயில் ஏதோ கருகி ஒட்டியிருந்தது.

"இது என்ன மாமா?"

"டேப். தண்ணிக் குழாய்க்குச் சுத்துவோமே, அதுதான். கஞ்சத்தனம் பண்ணாம நிறையவே சுத்தினேன்."

"இங்க ஒரு கேஸ்கட் இருந்திருக்குமே?"

"அந்த நசுங்கின வளையமா? பழசுன்னு தூக்கிப் போட்டேன்."

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். "நெருப்பு போற குழாய்க்குத் தண்ணிக் குழாய் டேப்பா? உங்களை நம்பியா எங்கப்பா பொண்ணு குடுத்தாரு?"

"உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"அது எப்படி மாமா, இதை வச்சு நான் ஒரு வருஷம் ஓட்டலாமே."

முதல் சூட்டிலேயே டேப் எரிந்துபோய், அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்திருக்கிறது. எரியாமல் வந்த பெட்ரோல் அந்தக் காற்றோடு கலந்து சூட்டில் வெடித்திருக்கிறது. அவள் குழாயின் வாயைச் சுரண்டித் துடைத்து, புதுச் செம்பு வளையம் வைத்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். இந்த சைலன்சருக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று கார்புரேட்டர் திருகையும் லேசாகத் திறந்துவிட்டாள். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி உறுமியதே தவிர வெடிக்கவில்லை.

பிளம்பர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீ நல்லா இருக்கணும்மா."

"கும்பிட்டது போதும். நேரமாச்சு, கிளம்புங்க மாமா."

வீட்டு வாசல் வரைக்கும் வண்டி வாயே திறக்கவில்லை. நல்ல சேதியை மாமனாரிடம் சொல்ல ஓடியவர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

மாமனார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் இரண்டு தலையணைகளை அழுத்திக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். மாமியார் அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி இன்னும் வரலையா?" காது அடைத்திருந்ததால் மாமனார் கத்தித்தான் கேட்டார். "மாப்பிள்ளை வந்து கேட்டா நான் தூங்கிட்டேன்னு சொல்லு. பாவம், ஆசைப்பட்டு வாங்கினது."

பெற்றவர்கள் இருந்திருந்தால்கூட இப்படித் தாங்கியிருப்பார்களா என்று பிளம்பருக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலையணைகளை மெல்ல விலக்கினார்.

"வந்துட்டேன் மாமா. இனிமே நிஜமாவே தூங்குங்க."