மூச்சு கேட்காத பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாம்புக் காது. மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியில் காதை ஒட்டினால் போதும், எந்த பேரிங் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் மச்சான் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, மனைவி பாடிய பாட்டை நாலாவது தடவையாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"இல்ல மச்சான். இதுலயும் இல்ல."

அவள் போய் ஆறு வாரம். நுரையீரல் வியாதி. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கு வந்ததும், தெரிந்த பாட்டையெல்லாம் பாடி வைக்க ஆசைப்பட்டாள். கல்யாணங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிற அவள் தம்பிதான் தன் ரெக்கார்டரைக் கொடுத்தான். பதினோரு பாட்டு. வரிக்கு வரி மூச்சு வாங்கினாள். போட்டுக் காட்டியதும் முகத்தைச் சுளித்தாள்.

"பாட்டா இது? சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்கு."

ஃபைல்களோ பெரிசு. அவர் போனில் பாதி இடத்தை லிஃப்ட் படங்களே அடைத்திருந்தன. ஒரு ஆப்பை இறக்கி, எல்லாவற்றையும் இருப்பதிலேயே சின்ன அளவுக்குச் சுருக்கினார். மெல்லிய சத்தத்தையெல்லாம் அது விழுங்கிவிட்டது. குரல் கொஞ்சம் தகர டப்பாவுக்குள் போன மாதிரிதான் ஆனது. ஆனால் மூச்சு கேட்கவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான் நல்லாருக்கு. அந்தப் பெரிச அழிச்சிடுங்க. யாரும் கேக்க வேணாம்."

அழித்தார். இரவல் பாத்திரத்தைக் கழுவித் தருகிற மாதிரி, ரெக்கார்டரின் கார்டையும் சுத்தமாகத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

"யாரு மாமா உங்களத் துடைக்கச் சொன்னது?" என்றான் மச்சான். "அதுக்கப்புறம் மூணு கல்யாணம் அதே கார்டுலதான் பதிஞ்சேன். அழிஞ்சத மீட்கலாம்னு தோண்டத் தோண்ட, கல்யாண வீட்டுல யாரோ சிரிக்கிறதுதான் வருது."

"போன்ல இருக்கிறதப் பழையபடி பெரிசாக்க முடியாதா?"

"ஆக்கலாம். ஃபைல்தான் பெரிசாகும். போனது வராது." லேப்டாப்பை மூடிக்கொண்டே, "பாட்டு முழுசா இருக்கே மாமா, அதுவே..." என்று இழுத்தான்.

"பாட்ட எவன்டா கேட்டான்? அவ நல்லா இருந்தப்பவே சுமாராத்தான் பாடுவா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "முப்பது வருஷம் அந்த மூச்சுக்குப் பக்கத்துல இருந்தவன். அத என் கையாலயே துடைச்சிட்டேன்."

மச்சான் அந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டான். அவனுக்கும் அக்காதானே.

மறுநாள் வேலைக்குப் போனார். ஒன்பது மாடிக் கட்டடம், உச்சியில் மோட்டார் அறை. போன் சட்டைப் பையில், இயர்போன் காதில். ஒரு விதத்தில் வசதிதான், போகிற இடமெல்லாம் அவள் கூடவே வருகிறாள். முதல் வரி முடிந்தது. அடுத்த வரிக்கு முன்னால் வெட்டி எடுத்த மாதிரி ஒரு வெறுமை. அந்த இடம் வந்தபோது, தன்னை அறியாமல் அவரே மூச்சை இழுத்தார். அடுத்த வரிக்கும் இழுத்தார். பாட்டு முடிகிற வரைக்கும் இழுத்துக்கொண்டே இருந்தார்.

சாவி வாங்க வந்த வாட்ச்மேன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, இப்படி மூச்சு வாங்குது? படியேறியா வந்தீங்க?"

"ஆமா" என்றார், லிஃப்டில் வந்தவர்.