உப்பு ஜாஸ்தி, ரெண்டு நட்சத்திரம்

லிஃப்ட் மெக்கானிக் ஊர் விட்டு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தலையணை. வேலை முடிந்து வந்தால் பேச ஆள் கிடையாது. அதனால் போனில் எழுத ஆரம்பித்தான். எந்தக் கடைக்குப் போனாலும் மனசில் பட்டதை அப்படியே எழுதி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் நட்சத்திரம் போடுவான். பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைக்குக்கூட பாஸ் மார்க் வாங்காதவன் எழுதியதை இப்போது அந்த வட்டாரமே படித்தது.

முடிவெட்டும் கடையைப் பற்றி எழுதினான்: "கத்தரியைவிட வாய் வேகமா ஓடுது. ஒரு காதுக்கு மேல முடி இருக்கு, இன்னொரு காதுக்கு மேல இல்ல. கண்ணாடியைக் காட்டி எப்படின்னு கேட்டார். தலையாட்டிட்டு வந்தேன். ஒட்டவா வைக்க முடியும்? ரெண்டு நட்சத்திரம்."

சலவைக்கடைக்கு மூன்று: "ஆறு சட்டை கொடுத்தேன், ஆறு வந்தது. அதுல ஒண்ணு என்னோடது இல்ல. ஆனா என்னோடதைவிட நல்ல சட்டை."

பல் டாக்டருக்கு நான்கு: "வலிக்காதுன்னு சொன்னது சுத்தப் பொய். மத்தபடி தங்கமான மனுஷன்."

ஊரில் இருக்கும் அவன் அக்கா இதையெல்லாம் படித்துவிட்டுப் போனில் கூப்பிடுவாள். "நேர்ல ஒரு ஆள்கிட்ட வாயைத் திறக்க மாட்டே. போன்ல மட்டும் புலி மாதிரி பாயுறியே, எப்படிடா?"

"உள்ளதைத்தானேக்கா எழுதுறேன்."

"உள்ளதையெல்லாம் எழுதணும்னு யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான். ஆனால் அவன் எழுதுவதில் பொய் இருக்காது என்று முன்பின் தெரியாதவர்கள் கீழே எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்று அவனுக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த நாலு மேசைக் கடையில் சூப் குடித்தான். வாரத்தில் ஐந்து நாள் அங்கேதான் சாப்பாடு. முதல் வாயிலேயே முகம் சுளித்தது. அவ்வளவு உப்பு. கிண்ணத்தைப் போட்டோ எடுத்து, அங்கேயே உட்கார்ந்து எழுதினான்: "சூப் கேட்டேன், கடலைக் கொண்டு வந்து வெச்சாங்க. சமைக்கிற அக்காவுக்கு இன்னிக்கு நினைப்பு வேற எங்கேயோ போல. ரெண்டு நட்சத்திரம்."

வியாழக்கிழமை ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் மேல் குந்தியபடி கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கடை முதலாளி பதில் எழுதியிருந்தார்: "மன்னிக்கவும். சம்பந்தப்பட்ட சமையல்காரரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம். மீண்டும் வாருங்கள்."

மூன்று தடவை படித்தான். எண்ணெய்க் கையால் திரை முழுக்க அழுக்கானதுதான் மிச்சம். தான் போட்ட போட்டோவை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். கிண்ணத்துக்குப் பின்னால் சமையலறை ஜன்னல். ஜன்னலில் அந்த அக்கா, கரண்டியும் கையுமாக, முகம் தெளிவாக.

உடனே அழித்தான். அழித்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், எழுதியது தான்தான் என்றான்.

"அட, நீங்கதானா அது!" முதலாளிக்கு வாயெல்லாம் பல். "தினம் வந்து மூலையில உக்காந்துட்டுப் போறீங்க, ஒரு வார்த்தை சொல்லலியே! உக்காருங்க சார், டீ சாப்பிடுங்க."

"டீ வேணாங்க. அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்க. ஒருநாள் உப்புக்கு யாராவது வேலையை விட்டு எடுப்பாங்களா?"

"நீங்கதானே சார் எழுதினீங்க."

"எடுக்கச் சொல்லி எழுதலியே. அழிச்சுட்டேன், பாருங்க."

முதலாளி தன் போனை நீட்டினார். அந்தப் பகுதி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் எழுதியது, போட்டோ, முதலாளியின் பதில் மூன்றும் ஒரே படமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே நாற்பத்தேழு கட்டைவிரல்கள். "முதலாளின்னா இவர்தான்" என்று ஒருவர். "நடவடிக்கைன்னா இதான்" என்று இன்னொருவர்.

"என் பொண்டாட்டிகூட இப்படிப் பாராட்டினதில்ல," என்றார் முதலாளி. "இப்ப போய்த் திரும்பக் கூப்பிட்டா என் மூஞ்சியை எங்க வெச்சுக்குறது? யாராவது ஒருத்தர் தப்பை ஏத்துக்கணும்ல சார்."

சமையல்கார அக்காவின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிக்க மாலை ஆகிவிட்டது. துணிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் அவனைப் பார்த்ததும், "மூலை மேசைத் தம்பி," என்றார். "உள்ள வாங்க."

நின்றபடியே சொன்னான். தான் யார், என்ன எழுதினான், எல்லாவற்றையும். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். அவர் திட்டவில்லை.

"அந்தக் கடையில உப்பு என் கை இல்ல தம்பி."

"என்னக்கா சொல்றீங்க?"

"முதலாளி கைதான். உப்பு டப்பா கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல இருக்கும், பாத்ததில்லையா? ராசியான கையாம். பத்து வருஷமா நான் உப்பைத் தொட்டதில்ல. காலையில அவரே வந்து போடுவாரு. அன்னிக்குப் போட்டாரு, போன் வந்துச்சு, பேசிட்டே திரும்பப் போட்டாரு. போட்டாச்சுன்னு சொன்னேன். எனக்குத் தெரியும்னாரு. கொஞ்சம் தண்ணி ஊத்தவான்னு கேட்டேன், சப்புன்னு ஆயிடும்னுட்டாரு."

மெக்கானிக் போனை வெளியே எடுத்தான். "இதை அப்படியே எழுதுறேன்க்கா. இப்பவே எழுதுறேன்."

"ஐயோ, வேணாம் சாமி!" அக்கா அவன் போன் மேலேயே கை வைத்துவிட்டார். "நாளைக்கு ஆஸ்பத்திரி கேன்டீன்ல வேலை கேக்கப் போறேன். பத்து வருஷம் இருந்த இடத்துக்குப் போன் பண்ணி எப்படின்னு கேப்பாங்க. நல்ல மாதிரி சொல்றேன்னு அவரு ஒத்துக்கிட்டிருக்காரு. நீங்க அவரைப் பத்தி எழுதினா அதுவும் போச்சு. எழுதி உதவினது போதும் தம்பி."

அவன் போனை உள்ளே வைத்தான். "அப்ப நான் கூட வரேன். எழுதினவனே வந்து தப்புன்னு சொன்னா நம்புவாங்கள்ல?"

இந்தச் சாக்கில் ஒரு ஆள் துணை என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்றார் அக்கா.

மறுநாள் ஆஸ்பத்திரி கேன்டீன் மேற்பார்வையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அக்கா சொன்னதைக் கேட்டார். அவருடைய போனிலும் அந்தப் படம் இருந்தது. அக்காவைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"சார், அதை எழுதினது நான்தான்," என்றான் மெக்கானிக். "அது தப்பு. இவங்க மேல ஒரு குறையும் இல்ல. அஞ்சு வருஷமா இவங்க கையாலதான் சாப்பிடுறேன்."

"நீங்களா?" அவர் எழுந்து கை கொடுத்தார். "அந்த சலவைக்கடை எழுதினீங்களே! என் வீட்டுல படிச்சுப் படிச்சுச் சிரிச்சோம். நீங்க எழுதினதைப் பாத்துத்தான் நான் பல் டாக்டரையே மாத்தினேன்."

"அப்ப நான் சொல்றதை நம்புங்க சார்."

"நம்புறேன். அதான் பிரச்சினையே. நீங்க யாருக்காகவும் பொய் எழுத மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். எழுதினப்ப மனசுல பட்டதை எழுதினீங்க. இப்ப பாவம்னு இரக்கப்பட்டுப் பேசுறீங்க. நல்ல மனசு. ஆனா இது ஆஸ்பத்திரி. நோயாளி சாப்பாடு. உப்பு விஷயத்துல நான் ரிஸ்க் எடுக்க முடியாது."

"உப்பைப் போட்டது இவங்களே இல்ல சார்."

"பின்ன யாரு?"

மெக்கானிக் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தார். முதலாளி இன்னும் எத்தனை இடத்துக்குப் போனில் நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருக்குமோ, அவரைக் காட்டிக்கொடுத்தால் அதுவும் போய்விடும். அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா," என்றார் மேற்பார்வையாளர், ரொம்பப் பரிவாக. "உங்களுக்குப் பொய் வராது சார்."

வெளியே வந்து இரண்டு தெரு நடந்தார்கள். கடைத்தெரு வந்தது. வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று அவனுக்கு மனப்பாடம்.

"வேலை கேக்க இதுல எது தேவலாம்?" என்று அக்கா கேட்டார். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அந்தப் பச்சைக் கதவு. சுத்தமா இருக்கும். ஆளுங்களும் மரியாதையா நடத்துவாங்க." சொல்லிவிட்டு அவனும் கூடவே திரும்பினான்.

"நீங்க வேணாம் தம்பி. கூட வந்தா என்ன ஏதுன்னு கேப்பாங்க. அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க."

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றான். கண்ணாடிக்கு உள்ளே அக்கா பேசுவது தெரிந்தது. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். சிரித்தார். சமையலறைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். அக்கா தலையாட்டினார். பிறகு கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். போனைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

மெக்கானிக் ஒரு காலைச் சாலையில் வைத்தான். போய் என்ன சொல்வது? அவன் எழுதியது பொய் என்றா, இப்போது சொல்வது பொய் என்றா? காலை எடுத்துக்கொண்டான்.

ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது. ஆள் இறங்கி, ஆள் ஏறி, அது நகர ஒரு யுகம் ஆனது. நகர்ந்தபோது அக்கா வெளியே வந்திருந்தார். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கடையை நோக்கி நடந்தார்.

அவனும் எதிர்ப்பக்கமாகவே, அவருக்கு இணையாக நடந்தான்.