ஏழு புள்ளி இரண்டு

குழாய்க்காரருக்குக் கை சும்மா இருக்காது. கசிவைக் கண்டால் அடைக்க வேண்டும், அடைப்பைக் கண்டால் குத்த வேண்டும்; அவர் பிழைப்பே அதுதான். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆசைப்பட்டார் பாருங்கள், அங்கே பிடித்தது வம்பு.

பவளம் எலும்பு கட்டிக்கொள்ளத் தண்ணீரில் காரத்தன்மை வேண்டும். அதை அளக்கத் தனியாக ஒரு எண் உண்டு; அது ஏழு இருந்தாலும் சரி, ஒன்பது இருந்தாலும் சரி, பவளம் கோபித்துக்கொள்ளாது. ஆனால் இன்றைக்கு ஏழு, நாளைக்கு ஒன்பது என்று ஏற்றி இறக்கினால் நுனி வெந்து வெளுத்து நாலே நாளில் செத்துப்போகும். இது குழாய்க்காரருக்குத் தெரியாதா? மனப்பாடமாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்! எட்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார், விடவே மாட்டேன் என்றார். ஏழரை என்று காதில் விழுந்தால் கரண்டி கரண்டியாகக் காரப் பொடியைக் கரைத்து ஊற்றுவார். எட்டரை என்றால் பாதித் தண்ணீரையே மாற்றிவிடுவார். முதல் வருஷத்தில் மூன்று பவளங்கள் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்று போனபோதும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சோதனைக்கு அவருக்கு ஆள் துணை வேண்டும். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ஊசிக்குழலால் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீர் பச்சையிலிருந்து ஆரஞ்சாக மாறும்போது நிறுத்தி, எவ்வளவு மருந்து போயிருக்கிறது என்று பார்த்தால் எண் தெரிந்துவிடும். அவர் கண்ணுக்குப் பச்சையும் ஆரஞ்சும் ஒன்றுதான், பிறவியிலேயே அப்படி. அதனால் சொட்டு விடுவது அவர், "போதும்" என்று சொல்வது மனைவி. அவள் தையற்காரி, துணிக்கு நூல் பொருத்துகிற கண்.

ஒருமுறை அவர் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டார். தினமும் தொட்டியில் விடுகிற காரமருந்தை அவளே விட்டாள். சோதனைக்கும் அவளே சொட்டு விட்டுப் பார்த்தாள், ஏழு புள்ளி மூன்று. "எவ்வளவு?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் காய்ச்சலோடு எழுந்து வருவார். "எட்டு!" என்றாள். மறுநாளும் எட்டு. ஏழு நாளும் எட்டு. அவர் எழுந்து வந்து பார்த்தபோது, விரல் நீளம் இருந்த மான்கொம்புப் பவளத்தின் நுனியெல்லாம் புதிதாக வளர்ந்திருந்தது.

அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது, வியாதி தண்ணீருக்கு இல்லை. அதற்குப் பிறகு ஏழு புள்ளி மூன்றில் ஆரஞ்சு வந்தாலும், "இன்னும் இல்ல… இன்னும் இல்ல…" என்று இழுத்து, சரியாக எட்டில் "ம், போதும்" என்பாள். முகத்தில் ஒரு சலனம் இருக்க வேண்டுமே! நிஜத்தில் கொஞ்சம் இறங்கினால் ஏழு புள்ளி ஒன்பதில் நிறுத்துவாள். அவர் தினசரி மருந்தில் ஒரு துளி கூட்டுவார், தண்ணீர் சத்தமில்லாமல் பழைய நிலைக்கு வந்துவிடும். தொட்டிக்கு அவர் மருந்தை அளந்து ஊற்றினார், அவருக்கு அவள் சேதியை அளந்து ஊற்றினாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பவளம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கிளை விட்டது.

வீட்டுக்கு யார் வந்தாலும், "எல்லாம் இவ கண்ணுங்க, ஒரு சொட்டுகூடத் தப்பாது" என்பார் பெருமையாக. அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வரும். சொன்னால் இனி எதை நம்புவார்? விழுங்கிக்கொள்வாள்.

ஆப்பு வைத்தது அவளுடைய சொந்தத் தம்பி. காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். "மாமா, இனிமே அக்காவைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம். தண்ணியை ஊத்தி, மருந்தைப் போட்டு, பட்டனை அமுக்குங்க, நம்பரே வந்துடும்." நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்விட்டான். பாவி!

"அய்யய்யோ! ஏழு புள்ளி ரெண்டு!" என்று கூடத்திலிருந்து குழாய்க்காரர் கத்தினார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் பொடி டப்பாவைத் திறந்துவிட்டார்.

"புது மெஷினுங்க, தப்பாக் காட்டும்."

"ரெண்டு தடவை பாத்துட்டேன். அதே ஏழு புள்ளி ரெண்டு."

"பத்து நிமிஷம் பொறுங்களேன்."

"பொறுக்கறதா? நேத்து எட்டு! நீதானே பாத்த? உன் கண்ணு என்னைக்காவது தப்பியிருக்கா? ஒரே ராத்திரியில இவ்வளவு இறங்கியிருக்குன்னா தொட்டியே காலி!" ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று குவியல் குவியலாகக் குடுவையில் கொட்டினார். 

 அவர் அவள்மேல் வைத்த நம்பிக்கைதான் இப்போது அந்தப் பவளத்தைக் கொல்லப் போகிறது. குடுவை தொட்டி விளிம்புக்குப் போனது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நேத்து எட்டு இல்லீங்க. நேத்தும் ஏழு புள்ளி ரெண்டுதான்."

"என்னது?"

"முந்தாநாளும் அதான். ரெண்டு வருஷமா எட்டே இல்ல. நான் பொய் சொன்னேன்."

குடுவையைக் கீழே வைத்தார். 

"நிறம் தெரியாதவன்தானேன்னு…"

"ஐயோ, அப்படி இல்லீங்க! நீங்க கையை வச்சா செத்துப்போகுது, அப்புறம் நீங்க சோறு திங்காம உட்காந்திருப்பீங்க. என்னால அதைப் பாக்க முடியல."

 வைத்த டீ ஆறிக் கிடக்க, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் திருப்பியே தைத்தாள். ஒரு கத்து கத்தியிருக்கலாம், பாவி மனுஷன்! பேசாமல் போய்விட்டாரே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் வந்தவர் கைகால் கழுவினார். நேரே தொட்டிக்குப் போய்ப் பவளத்தை ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார். பிறகு புதுக் கருவியை அவளிடம் நீட்டினார்.

"நீயே பாரு. நிஜத்தைச் சொல்லு."

"நீங்களே பாக்கலாமே, நம்பர்தானே காட்டுது?"

"நீ சொல்லிக் கேக்கணும்."

அவள் தண்ணீரை எடுத்தாள், மருந்தைப் போட்டாள், பட்டனை அமுக்கினாள். எண்ணைப் பார்த்தாள். காலையில் இருந்ததைவிடக் குறைவு. எட்டு என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"ஏழு புள்ளி ஒண்ணு."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண் பொடி டப்பாவுக்குப் போய்த் திரும்பியது.

"இப்ப என்ன பண்ணணும்?"

"தினம் விடற மருந்துல ஒரு துளி கூட்டினாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். நாளைக்குப் பாப்போம்."

ஒரே ஒரு துளி கூட்டிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். சட்டென்று எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். அப்புறம் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் புடிச்சுக்கோ. இல்லன்னா நான் போய்க் கொட்டிடுவேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.