ஆள் வருது

தியேட்டரை இடித்துத் தரைமட்டமாக்கி, கடைசி லோடு செங்கல் லாரியில் ஏறிப் போன பிறகும் பால்கனி நாற்காலி ஒன்று மட்டும் கீழே வரவில்லை. மூன்று ஆள் உயரத்தில், தாங்க ஒரு தூணோ தொங்க ஒரு கயிறோ இல்லாமல், இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் ஒரு கர்சீப் கிடந்தது. மழை பெய்தால் இரண்டும் நனைந்தன, வெயிலடித்தால் காய்ந்தன. எவ்வளவு காற்றடித்தாலும் கர்சீப்பின் நுனிகூட ஆடியதில்லை. முதல் வாரம் ஊரே திரண்டு வந்து வாயைப் பிளந்து பார்த்தது. இரண்டாவது வாரம் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர் நாற்காலியின் நிழல் விழுகிற இடமாகப் பார்த்துத் தன் பம்பைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள்தான்.

ஊரில் ஒரு காலத்தில் ஏழு தியேட்டர்கள் இருந்தன. இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் "அப்படியா?" என்று கேட்டுவிட்டு போனைப் பார்க்கக் குனிந்துவிடுகிறார்கள். ரயில்வே கேட் தியேட்டரில் ரயில் போகும்போது வசனம் கேட்காது. அங்கே படம் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் தெருவுக்கு அந்தப் பக்கம் நடக்கிற சண்டையை உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆஸ்பத்திரி ரோடு தியேட்டரில் நட்ட நடுவில் ஒரு தூண். அதற்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு வில்லன் கடைசிவரை கண்ணில் படவே மாட்டான், எல்லாம் நல்லவர்கள் நடித்த படம் என்று திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். இன்னொரு தியேட்டரின் கூரை படத்தில் மழை வந்தால் மட்டும் ஒழுகும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் தரை டிக்கெட்காரர்கள் குடையோடுதான் போனார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பாங்க் இருக்கிறது. அங்கே இன்னமும் சில நாள் சொட்டுகிறது, எந்தப் படம் என்றுதான் தெரியவில்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனால் வயிறு எரியும். ஏழில் ஆறு போய், கடைசியாக மூடியது இந்த நாற்காலி இருந்த தியேட்டர்.

அந்த கர்சீப்பைப் போட்டது யார் என்பது ஊருக்கே தெரியும். பஸ் டெப்போவுக்கு எதிரில் இஸ்திரிக்கடை வைத்திருந்த அம்மா. கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது கை இடது கையைவிட ஒரு சுற்றுப் பெருத்தது, வாய் அதைவிடப் பெருத்தது. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன். டெப்போவில் டைம் கீப்பர். பஸ் கிளம்ப ஒரு நிமிடம் தாமதமானாலும் டிரைவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பான், வீட்டில் காபி தாமதமானாலும் அப்படித்தான். சினிமா என்றாலே அவனுக்கு ஆகாது. சினிமா பார்க்கிற பொம்பளை குடும்பத்துக்கு உதவமாட்டாள் என்பது அவன் கட்சி. ஆகவே அவன் அம்மாவும் அவன் பெண்டாட்டியும் வாராவாரம் வியாழக்கிழமை மேட்னி ஷோவுக்கு அவனுக்குத் தெரியாமல் போய்வந்தார்கள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்தே உடைத்தார்கள். வெள்ளிக்கிழமை படம் மாறிவிடும் என்பதால் வியாழக்கிழமை கூட்டம் அள்ளும். மாமியார் முன்னால் போய் இரண்டு டிக்கெட் எடுத்து, மாடிப்படியில் ஆம்பளைகளை முழங்கையால் தள்ளிக்கொண்டு ஓடி, மூன்றாவது வரிசையில் ஃபேனுக்குக் கீழே ஒன்றில் தான் உட்கார்ந்து பக்கத்தில் கர்சீப்பைப் போடுவாள். மருமகள் துணியைக் காயப்போட்டுவிட்டுப் பின்தெரு வழியாக வந்து, விளக்கணைந்து பேர் போடுகிற நேரத்தில் இருட்டில் நுழைவாள். அதுவரைக்கும் யார் வந்து கேட்டாலும் மாமியாரிடமிருந்து ஒரே பதில்தான்: "ஆள் வருது." அந்த கர்சீப் மருமகள் தைத்தது. மூலையில் பச்சை நூலில் ஒரு கிளி. "இது கிளியாடி, மிளகாயாடி?" என்று மாமியார் கேட்காத வாரமில்லை. கேட்டுவிட்டு அதைத்தான் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு எடுத்துவருவாள். சோகக் காட்சியில் இருவரும் அதே கர்சீப்பில்தான் மாறி மாறி மூக்கைச் சிந்துவார்கள். வீட்டில் ஒருத்திக்கொருத்தி பத்து வார்த்தை பேசமாட்டார்கள். பேசினால் சிரிப்பு வந்து மாட்டிக்கொள்வோம் என்கிற பயம்.

யாரோ மகனிடம் வத்தி வைத்துவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவன் டெப்போவிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெண்டாட்டியின் எதிரில் நின்றான். "படத்துக்குத்தானே போற? அப்படியே போயிடு. இந்த வாசப்படி ஏறாத," என்றான். அவள் முதலில் அசரவில்லை. "அத்தை அங்க காத்திட்டு இருக்காங்க, வழிய விடுங்க," என்றாள். அப்போதுதான் அந்தப் படுபாவி சொன்னான்: "எங்கம்மாதான்டி உன்னப் பத்தி எங்கிட்ட சொன்னதே." பச்சைப் பொய். ஆனால் அவள் முகம் செத்துவிட்டது. போட்ட செருப்போடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், முதலில் கிளம்பின பஸ்ஸில் ஏறிவிட்டாள். அந்த பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியது என்று டெப்போக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

மாமியார் இடைவேளை வரை "ஆள் வருது" என்று சொன்னாள். இடைவேளைக்குப் பிறகும் சொன்னாள். படம் முடிந்ததும் கர்சீப்பை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மகன் நடந்ததையெல்லாம் சொன்னான், பெருமையாகவே சொன்னான். "உன் பேரைச் சொன்னப்புறம்தான் வாய மூடினா," என்றான். அவள் திட்டவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவும் இல்லை. தன் இரண்டு புடவையையும் சுருட்டிக்கொண்டு கடையின் பின்னறைக்குக் குடிபோய்விட்டாள். மறுநாள் காலை டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர் வியர்த்து விறுவிறுத்து வந்து, "அம்மா, உங்க கர்சீப்பு சீட்ட விட்டு வரமாட்டேங்குது. நாலு பேர் சேர்ந்து இழுத்துட்டோம்," என்றார். இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்காமலே அவள் பதில் சொன்னாள்.

"எடுக்காதீங்க. ஆள் வருது."

அப்புறம் வருஷக்கணக்கில் அந்த நாற்காலிக்குத் தியேட்டர்காரர்கள் வேறு யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை. ஒன்று காலியாக இருக்கும்போதே ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டின ஒரே தியேட்டர் அதுதான். மேலிடத்து அதிகாரி ஒருவர், நான் உட்கார்ந்து காட்டுகிறேன் பார் என்று கர்சீப்போடு சேர்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்த மறு நொடி வெளியே டிக்கெட் வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தார். வியாழக்கிழமை தவறாமல் இஸ்திரிக்காரம்மா இரண்டு டிக்கெட் எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தாள். டெப்போவில் அத்தனை பேர் காக்கிச்சட்டைக்கும் இஸ்திரி போட்டவள் மகன் சட்டையை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டாள். ஊரில் வேறு கடைக்காரர்களும் பயந்துகொண்டு வாங்கவில்லை. டைம் கீப்பர் கசங்கின சட்டையோடுதான் வேலை பார்த்தான். மறுகல்யாணத்துக்கு முயற்சி பண்ணினான். பெண் வீட்டார் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில் சொன்னார்கள்: "பால்கனியில அந்தச் சீட்டு காலியாகட்டும், அப்புறம் பேசலாம்."

கடைசியில் இந்தத் தியேட்டரும் மூடிவிட்டது. கடைசி ஆட்டத்துக்குக் கூட்டமே இல்லை, நாமெல்லாம் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம், இன்றைக்கு வந்து புலம்புகிறோம். படம் ஓட்டின ஆபரேட்டர் வேலை தேடி வெளியூர் போனார். நாற்காலிகளை ஏலம் விட்டபோது இஸ்திரிக்காரம்மா தன் சீட்டை மட்டும் ஏலத்தில் எடுத்துக் கடையில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் இடித்தார்கள், அப்புறம்தான் அது அந்தரத்தில் நின்றது.

இடத்தை வாங்கின பில்டர் கிரேன் கொண்டுவந்தார். கிரேனே சாய்ந்தது, நாற்காலி அசையவில்லை. கேஸ் கட்டரோடு ஏணியில் ஏறினவன், எதை வெட்டுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிவந்தான். பில்டர் கடைக்கே வந்துவிட்டார். "அம்மா, புதுக் கட்டடத்துல உங்களுக்கு ஒரு கடையே ஒதுக்கித் தரேன். ஏணி நான் பிடிக்கிறேன், நீங்க ஏறி அந்தத் துணிய எடுத்துடுங்க."

"இடம் பிடிச்சிருக்கேன்ல தம்பி? ஆள் வருது."

"எப்பம்மா வருவாங்க?"

"அது வர்றவ இஷ்டம். இடம் பிடிக்கிறதுதான் என் வேலை."

மகனும் வந்தான். நடு ஊரில், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க, அவன் செய்த காரியம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "மானம் போகுதும்மா. அவ வரமாட்டா. நீதான் காட்டிக்குடுத்தன்னு நினைச்சிட்டுப் போனவ எப்படி வருவா?" என்றான். அவள் ஒரு சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்குத்தான்டா எடுக்கல. நான் இடம் பிடிச்சு வச்சிருந்தேனா இல்லையான்னு அவ கண்ணால பாக்கணும். பாத்துட்டு என்ன வேணா திட்டட்டும்."

வேறு வழியில்லாமல் நாற்காலியை விட்டுவிட்டுச் சுற்றியே கட்டினார்கள். முதல் மாடித் தளம் சரியாக நாற்காலியின் காலுக்கு ஒரு விரல்கடை கீழே வந்து நின்றது. ஒரு பக்கம் வாட்ச் கடை, இன்னொரு பக்கம் செருப்புக் கடை, எதிரே வெள்ளைச் சுவர். திறப்பு விழா முடிந்த முதல் வியாழக்கிழமை இஸ்திரிக்காரம்மா தன் சீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு எஸ்கலேட்டரில் ஏறிப்போய்ப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வாட்ச்மேன் தடுத்துப் பார்த்தார், அவள் பேசின பேச்சில் அவரே சீட்டைப் பிடித்துச் சரியாக வைத்துக்கொடுத்தார். வாராவாரம் மூன்று மணி நேரம் அவள் அந்த வெறும் சுவரைப் பார்த்தாள். செருப்புக் கடைப் பெண்கள் வேடிக்கையாகக் கேட்பார்கள், "என்ன படம்மா ஓடுது?" "இன்னும் பேரே போடலடி," என்பாள்.

மருமகள் தூரத்து ஊர் ஒன்றில், தியேட்டரிலேயே, டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் நுழைகிற பொந்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சீட்டுக் கொடுத்தவள், தான் ஒருநாளும் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. எங்கள் ஊர் ஆபரேட்டர் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். ஒருதரம் ஊருக்கு வந்துபோன பிறகு டீ நேரத்தில், ஊர்ப் பெருமை பேசுகிற மாதிரி, அந்தரத்து நாற்காலியைப் பற்றிச் சொன்னார். மாமியார்க்காரி மகனோடு பேச்சை முறித்துக்கொண்டதையும், கட்டடம் சுற்றி வந்ததையும் சொன்னார். "கர்சீப் மூலைல ஏதோ பச்சையா இருக்கும். கிளியோ மிளகாயோ," என்றார்.

"கிளி," என்றாள் அவள். "அது கிளிதான்." வரிசையில் முப்பது பேர் நிற்க, கவுன்ட்டரைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. அன்றைக்கு மேட்னி நேரத்தில் முதல் மாடியில் விளக்குகள் தாமாகவே அணைந்தன, வாட்ச் கடையில் மணி பார்க்க முடியவில்லை. எஸ்கலேட்டரில் ஏறி வந்தவள் தலையில் பாதி நரைத்திருந்தது. இருட்டில் தட்டுத்தடுமாறி மூன்றாவது வரிசை இருந்த இடத்துக்கு வந்தாள். நாலு பேர் இழுத்தும் வராத கர்சீப்பை இரண்டு விரலால் எடுத்தாள், முகத்தில் அழுத்திக்கொண்டாள். வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த துணியில் இஸ்திரிச் சூடு அப்படியே இருந்தது.

"லேட்டாயிடுச்சு அத்தை," என்றாள்.

"பரவாயில்ல. இப்பத்தான் பேர் போடறான். உக்காரு."

சுவரில் பேர் போட்டார்கள். அவள் ஊரைவிட்டுப் போன அந்த வியாழக்கிழமை ஓடின அதே படம், கீறல் விழுந்த அதே பிரிண்ட். செருப்பு வாங்க வந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள், செருப்புக் கடைப் பெண்கள் கல்லாவை விட்டுவிட்டு வந்தார்கள். எங்கிருந்தோ ரயில் சத்தம் வந்து பாதி வசனம் கேட்காமல் போனது. மழைக் காட்சியில் முதல் மாடி முழுக்கச் சொட்டியது, ஒருத்தரும் எழுந்து போகவில்லை. சோகக் காட்சியில் இருவரும் அந்த கர்சீப்பில் மாறி மாறி மூக்கைச் சிந்தினார்கள்.

படம் முடிந்து விளக்கு வந்தபோது பில்டர் ஆட்களோடு தயாராக நின்றிருந்தார். பக்கத்தில் கசங்கின சட்டையோடு டைம் கீப்பரும். கர்சீப் இப்போது மருமகள் கையில். அவள் எழுந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்துட்டல்ல. நடந்தது நடந்துபோச்சு," என்று சொல்லியபடி காலியான அந்த நாற்காலியின் கையைப் பிடித்தான், உட்காரப்போகிறவன் மாதிரி.

அவள் கர்சீப்பை உதறி, கிளி வெளியே தெரிகிற மாதிரி, மறுபடியும் நாற்காலியில் போட்டாள்.

"ஆள் வருது."

"யாரு?" என்றான்.

"நான்தான். அடுத்த வியாழக்கிழமை," என்றாள். மாமியார் அதற்குள் எஸ்கலேட்டர் பக்கம் போய் நின்று, "வாடி, கரி அணைஞ்சிடும்," என்று சத்தம் போட்டாள்.

பில்டர் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இஸ்திரிக்கடையில் இப்போது இரண்டு பெட்டி ஓடுகிறது. வியாழக்கிழமை மேட்னி நேரத்தில் முதல் மாடியில் செருப்பு வாங்க முடியாது, மற்ற நாட்களில் வாங்கலாம். போகிறவர்கள் குடை எடுத்துப் போவது நல்லது.